திறப்பு தொலைந்தால் கூப்பிடத் தந்த இலக்கம்

போன வருடம் பங்குனியில் உவர்மலையில் ஒரு சாமத்தியவீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி (சொந்தமில்லை, அம்மாவோடு ஒன்றாகப் படிப்பித்தவர்) சோற்றுக் கையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்க பார் பிள்ளை. முந்தாநாள்தான் இவரோட உப்புவெளியில நாங்கள் நிண்ட இடத்தைப் பற்றிக் கதைச்சனான். இப்ப பேஸ்புக்கைத் திறந்தா அந்த இடமே வந்து நிக்குது. இது எங்களை ஒட்டுக் கேக்குது, நான் சொல்லுறன்." பந்தியில் எல்லோரிடமும் அதே மாதிரி ஒரு கதை இருந்தது. மெத்தை பற்றிக் கதைத்தவருக்கு மெத்தை வந்ததாம், முழங்கால் வலி பற்றிக் கதைத்தவருக்கு எண்ணெய் வந்ததாம். நான் தலையை ஆட்டிவிட்டு அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த விளம்பரத்தைப் போட்டவள் நான். பின்னேர வெயிலில் வள்ளங்கள் கரையில் கிடக்கிற அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான். மாமியின் போன் எதையும் ஒட்டுக் கேட்கவில்லை. கனடாவில் இருந்து வந்த தம்பி குடும்பத்தோடு அதற்கு முந்தைய ஆடியில் அவர் அந்த விடுதியில் இரண்டு இரவு தங்கினார், வரவேற்பு மேசையில் கிடந்த கொப்பியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதினார், ஆறு ஏழு மாதம் கழித்து நான் அந்தக் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்து பேஸ்புக்கில் ஏற்றினேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் பந்தியில் வைத்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருகோணமலையில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு ஒன்லைன் விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு புடவைக்கடை, ஒரு மருத்துவ நிலையம், இரண்டு டியூஷன் வகுப்பு, அப்புறம் இந்த விடுதி. விடுதி நடத்தும் அண்ணை வங்கிக் கடனில் கட்டியவர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு வெளிநாட்டுக்காரர் நின்றுபோனார்கள், பிறகு கொரோனா, பிறகு 2022 இல் எண்ணெய் வரிசை. போதாததற்கு இங்கே சீசன் என்பதே சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான். வாடைக்காற்று தொடங்கி மழை இறங்கினால் புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது, அறையும் நிரம்பாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் அண்ணை, "சித்திரை லீவுக்கு அறை நிரப்பித் தா தங்கச்சி, செலவு குறைச்சு" என்றார். நான்தான் கொப்பியைக் கேட்டேன். அவர் தரவேண்டும் என்று நினைக்கவே இல்லை. அந்த யோசனை என்னுடையது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கரைச்சலுக்கு அவரைக் குற்றம் சொல்வது எனக்கு வசதியாக இருக்கும்.

கொப்பியில் 640 இலக்கம் தேறியது. பேஸ்புக்கில் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும் வசதி 2012 முதலே இருக்கிறது. இலக்கங்களை 94 என்ற நாட்டுக் குறியோடு ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தால், ஒவ்வொன்றும் ஒரு நீண்ட எழுத்துச் சரமாக மாற்றப்பட்டுத்தான் அங்கே போகும். அவர்களும் தங்களிடம் உள்ள பயனாளர் இலக்கங்களை அதே முறையில் மாற்றி வைத்திருப்பார்கள், இரண்டு சரமும் ஒத்துப்போனால் ஆள் பிடிபட்டார். அதோடு நிற்பதும் இல்லை. அந்த ஆட்களைப் போலவே நடந்துகொள்ளும் வேறு ஆட்களையும் நாடு முழுக்கத் தேடித் தரச் சொல்லலாம். அதற்குக் குறைந்தது 100 பேர் இருந்தால் போதும், என்னிடம் 640 பேர். செலவு குறைய இதைவிட நல்ல வழி கிடையாது, அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

"எழுத்துச் சரமாக மாறித்தானே போகுது, இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லையே" என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியில் கோப்பைத் திருடுகிறவன் இலக்கத்தை நேரே வாசிக்க முடியாது, அந்த அளவுக்கு உண்மைதான். ஆனால் அந்த வேலையின் நோக்கமே ஆளைக் கண்டுபிடிப்பது. ஒருவரின் முகத்தை மூடிக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியாக அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, வழியில் யாரும் முகத்தைப் பார்க்கவில்லையே என்று சொல்கிற மாதிரி.

விளம்பரம் போதாதென்று எஸ்.எம்.எஸ்ஸும் அனுப்பினேன். என் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக, தங்கிய மாதம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விழும்படி செய்தேன். "அன்பான விருந்தினரே, கடந்த ஆவணியில் எங்களோடு தங்கியதற்கு நன்றி. சித்திரை விடுமுறைக்கு உங்களுக்கு 15 வீதம் கழிவு." கீழே என் வேலை இலக்கம். அந்த ஒரு வாரத்தில் பதினொரு அறை பதிவானது. அண்ணை சந்தோஷத்தில் கருவாடு அனுப்பினார்.

சாமத்தியவீட்டுக்கு நாலைந்து நாள் கழித்து, காலையில், யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு அழைப்பு. வயதானவர், வாத்தியார் குரல். (அவரை அவர் ஊரில் யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) நான்தான் விடுதியில் இருந்து கதைப்பதா என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன். கோபமே இல்லாமல், படிப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் செய்து திருகோணமலையில் இருக்கிறாள். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஆவணியில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. கொழும்பில் கண் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் இங்கே வந்து, மகள் வீட்டில் தங்கக் கூச்சப்பட்டு, உப்புவெளியில் இரண்டு இரவு அறை எடுத்து, பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் ஒரு போன்தான், அது பெரும்பாலும் மகன் கையில். நான் அனுப்பிய செய்தியை மகன் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்திருக்கிறார். "கடந்த ஆவணியில்."

அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் நம்பர் தந்தது திறப்பு துலைஞ்சா, இல்லாட்டி ஏதும் சாமானை விட்டுட்டுப் போனா கூப்பிடத்தானே பிள்ளை? அதுக்கெண்டுதானே அந்தத் தம்பி கேட்டவர்?" என்றார்.

"ஓம் ஐயா."

"அப்ப அதை அழிச்சுவிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் நான் செய்த வேலையின் முழு அளவும் தெரிந்தது. என் மடிக்கணினியில் ஒரு கோப்பு. அண்ணைக்குப் பகிர்ந்த கூகுள் தாளில் ஒன்று. பேஸ்புக்கில் ஏற்றிய பட்டியல், அதைப் பார்த்து உருவான "இவர்களைப் போன்றவர்கள்" பட்டியல். மொத்தமாக எஸ்.எம்.எஸ் அனுப்பித் தரும் நிறுவனத்தின் தளத்தில் நான் ஏற்றிய கோப்பு அப்படியே கிடந்தது, அதை நீக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. வரவேற்பில் நிற்கும் தம்பி, "அக்கா, நீங்க வட்ஸ்அப்பில அனுப்பினது என்னட்டயும் கிடக்குது" என்றான். நான் அனுப்பியதே எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவர் பேனாவால் எழுதிய பத்து இலக்கம், ஆறு இடத்தில். ஆறையும் அழித்தேன். ஆனால் அந்தச் செய்தி அந்த வீட்டுப் போனில் வாசிக்கப்பட்டுவிட்டது, அதை அழிக்க என்னிடம் பொத்தான் இல்லை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் மனம் கெட்டவர் இல்லை, ஆனால் அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ? அவையே தங்கட கையால எழுதித் தந்தது. பெரிய கொம்பனியள் செய்யாததையே நாங்கள் செய்யிறம்?" பெரிய கம்பனிகள் செய்கின்றன என்பது உண்மை. ட்விட்டர் அதையேதான் செய்தது: கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி 2013 முதல் 2019 வரை ஆட்களிடம் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் வாங்கி, அவற்றை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது. அதற்காக 2022 மே மாதம் அமெரிக்க அரசு அதனிடம் 15 கோடி டொலர் தண்டம் வாங்கியது. அங்கேயும் யாரும் எதையும் களவெடுக்கவில்லை, ஆட்கள் தங்கள் கையாலேயே தட்டச்சு செய்து கொடுத்ததுதான். பூட்டுக்கென்று வாங்கியதைக் கடைக்குப் பயன்படுத்தியதுதான் குற்றம். அமெரிக்காவில் சட்டத்தரணிகள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த ஐயா திறப்பு ஒன்றை வைத்து ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

"அவையே எழுதித் தந்தது" என்பதைப் பற்றி எனக்கு இன்னொன்று சொல்ல இருக்கிறது. இந்த ஊரில் யார் கொப்பியை நீட்டினாலும் எழுதுவோம். சண்டைக் காலத்தில் வீட்டில் எத்தனை பேர், யார் வந்து தங்குகிறார்கள் என்று பதிந்து வைத்திருக்கவேண்டும். எழுதமாட்டேன் என்றால் அதுவே சந்தேகம். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிறுவனமும் ஒரு படிவம் நீட்டியது. எழுதாவிட்டால் பாயும் இல்லை, படகும் இல்லை. திருக்கடலூர்ப் பக்கம் ஒரே குடும்பத்தின் பெயரை எத்தனை பேர் எழுதிக்கொண்டு போனார்கள் என்று கணக்கே கிடையாது. அம்மா இன்றைக்கும் பெயர் எழுதுகிற கொப்பியைக் கண்டால் வயிறு கலங்குது என்பார், ஆனால் எழுதாமல் வரமாட்டார். இப்படிப்பட்ட ஆட்களிடம் வாங்கின கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னாலும் அறை கிடைக்கும், கழிவு கிடைக்கும், ஒரு மாதிரிப் பார்க்கமாட்டார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் எழுதியது பழக்கம்தான்.

அதன்பிறகு மற்ற வாடிக்கையாளர்களுக்கு நான் செய்து வைத்திருந்ததையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டி வந்தது. மருத்துவ நிலையத்தின் இணையத்தளம்தான் வயிற்றைக் கலக்கியது. விளம்பரம் பலன் தருகிறதா என்று பார்க்க, தளத்தின் எல்லாப் பக்கத்திலும் விழும்படி பேஸ்புக்கின் பிக்சலை நான் வைத்திருந்தேன். பிக்சல் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன நிரல். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், பக்கத்தின் இணைய முகவரியையும் சேர்த்து. அந்தத் தளத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிப் பக்கம், முகவரியிலேயே சிகிச்சையின் பெயர். பிள்ளைப்பேறு இல்லை என்று ஒருவர் நடுச்சாமத்தில் யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தால், வைத்தியருக்குத் தெரியுமுன் பேஸ்புக்குக்குத் தெரியும். உண்மையில் வைத்தியரும் தாதியும் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள், விளம்பரக்காரியான நான் வாசலில் நின்று அறிவித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் மருந்து விலையில் கழிவு தரும் குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம் இதே மாதிரிப் பயனாளரின் சுகாதார விவரங்களை பேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் கொடுத்ததற்காக 2023 இல் 15 லட்சம் டொலர் தண்டம் கட்டியது. எனக்கு யாரும் தண்டம் போடவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அன்றிரவே சிகிச்சைப் பக்கங்களில் இருந்தும் பதிவுப் பக்கத்தில் இருந்தும் பிக்சலை எடுத்தேன், பிறகு யோசித்து முழுத் தளத்தில் இருந்துமே எடுத்தேன். மருத்துவ நிலையத்துக்கு இப்போது ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்று தொலைபேசியில் பதிவு செய்யும் பிள்ளை கேட்டுக் குறித்து வைக்கிறாள். அது போதுமாக இருக்கிறது.

புடவைக்கடைக் கதை சின்னது. தைப்பொங்கலுக்கு அதிர்ஷ்டச் சீட்டு: பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த தேதி, போன் இலக்கம் எல்லாம் எழுதிப் பெட்டியில் போடவேண்டும், பரிசு ஒரு சைக்கிள். ஒரு சைக்கிள் கொடுக்க அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று நான் கேட்டபோது முதலாளிக்கே தெரியவில்லை, போன முறை அச்சடித்த சீட்டில் இருந்ததாம். வென்றவர் வந்து சைக்கிளை எடுக்கும்போது அட்டையைக் காட்டினால் போதுமே. இரண்டு உரப்பை நிறையச் சீட்டு கடைக்குப் பின்னால் கிடந்தது. எரிக்கச் சொன்னேன். முதலாளி சிரித்தார், ஆனால் எரித்தார்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும், ஒவ்வொரு செய்தியிலும் செலவில்லாமல் விலகிக்கொள்ள வழி சொல்லியிருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நிறைவேறியபோது தண்டம் ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபா வரை என்று வைத்தார்கள். ஆனால் சட்டம் நிறைவேறியதற்கும் அது கடையில் வந்து கதவைத் தட்டுவதற்கும் இடையில் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா. தண்டத்துக்குப் பயந்து நான் திருந்தவில்லை. அந்த ஐயாவின் குரலுக்குப் பயந்துதான்.

இப்போது விடுதிக் கொப்பியில் இரண்டு கோடு அதிகம். தங்குபவர் விவரம் ஒரு பக்கம், அது தங்கும் காலத்துத் தேவைக்கு மட்டும். கீழே தனியாக, "சலுகை வந்தால் அறிவிக்கலாமா? எந்த இலக்கத்துக்கு?" என்று ஒரு கேள்வி, விரும்பினால் மட்டும் நிரப்ப. எந்த இலக்கத்துக்கு என்பது அந்த ஐயாவுக்காகச் சேர்த்தது. சிலர் மேலே ஒரு இலக்கமும் கீழே வேறொன்றும் எழுதுகிறார்கள், பலர் வெறுமையாக விடுகிறார்கள். வரவேற்புத் தம்பி அதை நிரப்பச் சொல்லி நெருக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம், சொன்னாலும் முதல் மாதம் நெருக்கத்தான் செய்தான். செய்தியில் மாதம், அறை, எத்தனை பேர் வந்தீர்கள் எதுவும் கிடையாது, "கடற்கரைப் பக்கம் வந்தால் கூப்பிடுங்கள், இனி வேண்டாமென்றால் வேண்டாம் என்று அனுப்புங்கள்" அவ்வளவுதான். சீசன் முடிந்து ஐப்பசி மழை தொடங்கியதும் கோப்பை அழிக்கிறேன், எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். பேஸ்புக்கில் ஆட்களை ஏற்றுவதற்குப் பதிலாக இடத்தை மட்டும் கொடுக்கிறேன்: கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், பள்ளி விடுமுறைக்கு இரண்டு கிழமை முன்னால். சுற்றுலா பற்றி எழுதுகிற, கோணேசர் கோயிலுக்கு வழி சொல்லுகிற, புறாமலையில் பவளப்பாறை படம் போடுகிற பக்கங்களோடு நேரே பேசி அங்கே விளம்பரம் வைக்கிறோம். வாசிப்பவர் யார் என்று தெரியவேண்டியதில்லை, எதை வாசிக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

இதனால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொன்னால் பொய். முதல் சீசனில் ஒரு அறைப் பதிவுக்கான விளம்பரச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது. 640 பேர் இருந்த பட்டியல் 140 ஆனது. அண்ணை இரண்டு முறை முகத்தைத் தூக்கினார், ஒரு முறை வேறு ஆளைப் பார்க்கலாமா என்று சாடையாகக் கேட்டார். சம்மதித்த 140 பேரில் திரும்பி வருகிறவர்கள் அதிகம் என்பது இப்போது அவருக்கும் தெரிகிறது, ஆனாலும் பழைய செலவுக்கு அது இறங்கவில்லை. ஒரு டியூஷன் வகுப்புக்காரர், அவருக்குப் பெற்றோர் இலக்கங்களை ஏற்றித் தரமாட்டேன் என்றதும், என்னை விட்டே போய்விட்டார்.

மாமியிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் எடுத்தது. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். போனை வாங்கினேன். முதலில் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துக் காட்டினேன், பிறகு பேஸ்புக்கில் வெளித் தளங்கள் அனுப்பிய விவரங்களைத் துண்டிக்கும் இடத்தைக் காட்டினேன். தான் சேலை பார்த்த கடைகளின் பெயர் வரிசையாக நிற்பதைக் கண்டு "ஐயோ, இவை எல்லாம் எழுதி வச்சிருக்கோ" என்று வாயில் கை வைத்தார். கடைசியாக ஒரு விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினேன். நீங்கள் ஏன் இதைப் பார்க்கிறீர்கள் என்று அங்கே காரணம் இருக்கும். விளம்பரதாரர் ஒருவர் ஏற்றிய பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சிலவற்றில் வரும். அப்படித்தான் உப்புவெளி விளம்பரமும் வந்தது மாமி, அந்தப் பட்டியலை ஏற்றினது நான் என்றேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப போன் கேக்கேல்லை."

"இல்லை மாமி."

"அண்டைக்குப் பந்தியில நீ பக்கத்திலதானே இருந்தனி."

"ஓம்."

போனை வாங்கி, அந்த மூன்று புள்ளியைத் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மற்ற விளம்பரங்களில இருக்கிற ஆக்கள் ஆர் எண்டும் இதில பார்க்கலாமோ?" என்று கேட்டார். இருவரும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மா தேத்தண்ணி ஆறுது என்று கூப்பிடும் வரைக்கும்.